செயற்கைத் தரவு மக்கர் செய்தால்: பெருமாநல்லூரிலிருந்து 7 குறிப்புகள்

எங்கள் ஊரில் பனியனாகத் தைக்கப்படும் பருத்தியே ஒரு கலப்பு வாரிசுதான். ஹிர்சூட்டம் என்ற அந்த இனம், 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பழைய உலகப் பருத்தி ஒன்றும் அமெரிக்கப் பருத்தி ஒன்றும் கலந்து பிறந்தது. இரண்டு பக்கமும் 13 ஜோடி, ஆக 26 ஜோடி குரோமோசோம். இப்படிப்பட்ட வம்சத்தை மரமாக வரைந்தால் பாதிக் கதை விடுபடும். வலையாகத்தான் வரைய வேண்டும். ஃபைலோநெட், ஸ்னாக் போன்ற மென்பொருள்கள் அந்த வலையைக் கணிக்கின்றன. அவற்றைச் சோதிக்க விடை தெரிந்த செயற்கைத் தரவு தயாரிக்கும் மாணவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதலில் அலகைப் பாருங்கள். ஜீன் மரங்களை உருவாக்கும் ஹட்சனின் எம்எஸ் நிரல் காலத்தை 4என் தலைமுறையாக எண்ணுகிறது (என் என்பது இனத்தொகையின் அளவு). வலை மென்பொருள்கள் பெரும்பாலும் 2என் கணக்கு. எம்எஸ் தரும் நீளத்தை இரண்டால் பெருக்க மறந்தால் கிளைகள் எல்லாம் பாதியாகிவிடும்.

2. அந்தக் கிளை நீளத்தை அப்படியே, டிஎன்ஏ வரிசை உருவாக்கும் சீக்-ஜென் நிரலுக்குக் கொடுக்காதீர்கள். அளவைக் குறைக்காவிட்டால் டிஎன்ஏ வரிசைகள் நிறைவுற்று, நாலில் ஒரு எழுத்து தற்செயலாகப் பொருந்தும் குப்பையாகிவிடும். ரொம்பக் குறைத்தாலோ எல்லா வரிசையும் ஒன்றாக இருக்கும். எதற்கும் முதல் 5 கோப்புகளைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

3. ஒரே மாதிரி வரிசைகள் வந்தால், ஜீன் மரம் கணிக்கும் நிரல் இஷ்டத்துக்கு ஒரு கிளையை ஒட்டிவைக்கும். ஆதாரம் குறைந்த கிளைகளைச் சுருக்கிவிட்டு வலைக்குக் கொடுங்கள்.

4. பெயர்கள்: பழைய ஃபைலிப் வடிவம் 10 எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஹிர்சூட்டம்_01, ஹிர்சூட்டம்_02 என்று வைத்தால் முதல் 10 எழுத்தும் ஒன்றே. எண்ணை முன்னால் போடுங்கள்.

5. மூன்று முனை கொண்ட குட்டிச் சுழலை ஸ்னாக் கண்டுபிடிக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். நான்கு நான்காகப் பார்க்கும் கணக்கில் அது பொதுவாகத் தெரியாது. குறை மென்பொருளில் இல்லை, நீங்கள் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

6. இதுதான் முக்கியம். பாதியில் நின்றுபோன தரவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, வேறு ரேண்டம் எண் போட்டுப் புதிதாக எடுப்பது பலருக்கும் பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். இங்கே பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் உட்காரும் பெண்கள் ஓட்டை விழுந்த பீஸில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பார்கள். ஓட்டை எத்தனை, எண்ணெய்க் கறை எத்தனை, தையல் விட்டது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுவார்கள். அந்தக் கணக்கு இருந்தால்தான் எந்த மிஷினைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நின்றுபோகும் தரவும் பெரும்பாலும் கடினமான தரவுதான்: கிளை குட்டையாக இருக்கும், ஜீன் மரங்கள் ஒன்றோடொன்று முரண்படும். அதை நீக்கினால் மிச்சம் சுலபமானது மட்டுமே. மென்பொருள் உண்மையில் இருப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ரேண்டம் எண், நிரலின் பதிப்பு, வந்த பிழைச் செய்தி மூன்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

7. வேறு ரேண்டம் எண்ணில் மறுபடி ஓட்டலாம், தவறில்லை. ஆனால் 100 தரவு ஓட்டி 93தான் முடிந்தது என்றால், ஆய்வுக் கட்டுரையில் 93 என்றே எழுதுங்கள். மீதி 7 ஏன் நின்றது என்பதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள்.