கொல்லிப்பாவையும் கொம்புத்தேனும்

‘நரகத்தில் பனிப்பந்துக்குள்ள வாய்ப்பு’ என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஆங்கிலத்தில் தோன்றிய மரபுத்தொடர். நெருப்பிலிட்ட பனி நில்லாது. அதுபோல் வாய்ப்பே இல்லை என்பது பொருள். மாணாக்கர் பலர் இதனைக் ‘குதிரைக்கொம்பு’ என மொழிபெயர்க்கின்றனர். அது முற்றும் பொருந்தாது. குதிரைக்கு என்றுமே கொம்பில்லை. பனிப்பந்தோ உள்ள பொருள்.

உள்ளது எய்தாமையைக் கூறக் கபிலர் கொல்லிமலையை நாடினார். வல்வில் ஓரியின் அம்மலைப் பாவை போன்ற தலைவி, தழுவுதற்கு அரியள் என்பது குறுந்தொகை 100ஆம் பாடலின் கருத்து. இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலைக்கு 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து எவரும் ஏறலாம், பாவைதான் அரியள்!

கொல்லிமலை தேனுக்கும் பெயர்பெற்றது. தேன் என்றதும் ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்னும் பழமொழி நினைவுக்கு வரும். பழமொழி அம்முடவனை எள்ளுகிறது. குறுந்தொகை 60ஆம் பாடலில் பரணர் எள்ளவில்லை. நெடுமலைத் தேனடையைக் கீழிருந்தே சுட்டி, குவித்த தன் வெறுங்கையை நக்குகிறான் முடவன். தலைவியும் அவ்வாறே, காதலர் அருளாவிடினும் அவரைப் பலகால் காண்பதே நெஞ்சுக்கு இனிது என்கிறாள்.