பன்னிரண்டு நிமிடச் சோதனை

கேள்வி: வயது 41. வாரத்தில் நான்கு நாள் காலையில் ஓடுகிறேன். என் ஆக்ஸிஜன் திறனை அளக்க ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டுமா? பீப் டெஸ்ட் போதுமா?

பதில்: முகமூடி மாட்டி டிரெட்மில்லில் எடுக்கும் சோதனைதான் துல்லியமானது. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது முன்னேற்றம் இருக்கிறதா என்பதுதான். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. பீப் டெஸ்ட்டில் 20 மீட்டருக்கு ஒருமுறை நின்று திரும்ப வேண்டும். கால்பந்து ஆடுபவர்களுக்கு அது பொருந்தும். நேராக ஓடிப் பழகியவருக்கு மூச்சு வாங்கும் முன்பே கால் தளர்ந்துவிடலாம்.

என் தேர்வு கூப்பர் சோதனை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. 400 மீட்டர் தடத்தில் 12 நிமிடம் ஓடுங்கள். ஓடிய மொத்த மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ், அதாவது நீங்கள் கேட்ட ஆக்ஸிஜன் திறனின் மதிப்பீடு கிடைக்கும். 2,400 மீட்டர் என்றால் ஏறக்குறைய 42. தொடக்கத்திலேயே பாய்ந்து ஓடினால் கணக்கு கெட்டுவிடும்; இதன் பெரிய பலவீனம் அதுதான். அதனால் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிறகு சோதனை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும், அதே தடத்தில், அதே விடிகாலையில். வெயில் ஏறினால் தூரம் குறையும்.

இது முழு மூச்சு ஓட்டம். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தடத்தில் இறங்குங்கள்.