சங்கத்தின் பழந்தாள்களும் அங்கத்தினர் கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தின் செல்வம் எது என்று வினவினால், பங்கு மூலதனம், சேமநிதி, கிடங்கிலுள்ள நூல், விற்பனைக்குக் காத்திருக்கும் துணி, களஞ்சியத்து நெல் என அங்கத்தினர் பலவற்றை எண்ணிச் சொல்வர். அவ்வரிசையில் எவரும் சேர்க்காத செல்வம் ஒன்று உண்டு. அலுவலக அலமாரியின் மேல்தட்டில் கட்டிவைக்கப்பட்டுள்ள பழைய ஏடுகளும் தாள்களுமே அச்செல்வம். அவற்றை ஏன் காக்க வேண்டும், எவ்வாறு காக்க வேண்டும் என்பதே இத்திங்கள் பாடம்.

1. இருவகைத் தாள்கள்

நூல்நிலையத்தில் இருப்பவை அச்சிட்ட நூல்கள். ஒரு பிரதி அழிந்தாலும் வேறோர் ஊரில் மற்றொரு பிரதி கிடைக்கும். ஆவணக் காப்பகத்தில் இருப்பவையோ பெரும்பாலும் ஒரே பிரதியாக உள்ள கையெழுத்துத் தாள்கள். அழிந்தால் அழிந்ததுதான்.

இத்தாள்களை ஆய்வாளர் இரு வகையாகப் பிரிப்பர். முதலாவது நிறுவனப் பதிவேடுகள். தீர்மானப் புத்தகம், பேரேடு, அங்கத்தினர் பதிவேடு, கூலிப் பட்டி, தணிக்கை அறிக்கை முதலியன இவ்வகையின. இரண்டாவது தனிமனிதர் தாள்கள். கடிதம், நாட்குறிப்பு, வீட்டுக் கணக்கு, அழைப்பிதழ், புகைப்படம் ஆகியன இதில் அடங்கும். நிறுவன ஏடு என்ன முடிவு செய்யப்பட்டது என்பதைக் கூறும். தனிமனிதர் தாள் அம்முடிவால் ஒரு வீட்டில் என்ன நேர்ந்தது என்பதைக் கூறும். இரண்டும் சேர்ந்தாலன்றி வரலாறு நிறைவு பெறாது.

2. காளையார்கோவில் தரும் சான்று

நம் காளையார்கோவிலையே எடுத்துக்கொள்வோம். 1772ஆம் ஆண்டில் மன்னர் முத்துவடுகநாதர் இங்கு நிகழ்ந்த போரில் உயிர் துறந்தார். 1801ஆம் ஆண்டில் மருது சகோதரர்களைப் பிடிக்க முனைந்த கும்பினிப் படை, சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழியமைக்கப் பல நாள் முயன்றும் பயன் காணாது திரும்பிற்று. பின்னர் வேறு வழியாக வந்து அக்டோபர் முதல் நாள் காளையார்கோவிலைக் கைப்பற்றிற்று. அதே திங்கள் 24ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

இவற்றையெல்லாம் நாள் தவறாது கூற முடிவது எவ்வாறு? படை நடத்திய கும்பினியார் தம் மேலிடத்துக்கு இடையறாது கடிதம் எழுதினர். சென்னையில் இருந்தோர் அவற்றை நாள்வாரியாகக் கட்டிவைத்தனர். கும்பினி அரசின் அப்பழைய கட்டுகள் இன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அத்தகைய ஆவணங்களை ஆராய்ந்தே பேராசிரியர் கே. ராஜய்யன் 1800-1801 கிளர்ச்சி பற்றிய தம் நூலை 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1801 ஜூன் திங்களில் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கைகூட, கும்பினியார் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் கோப்பில் சேர்த்தமையால்தான் ஆய்வாளர் கைக்கு எட்டிற்று.

தனிமனிதர் எழுத்தின் பயனையும் இங்கேயே காணலாம். கும்பினிப் படையில் பணிபுரிந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, தம் நினைவுகளை 1830ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஈட்டியும் வளரியும் எறியத் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று அதில் அவர் குறிக்கிறார். அரசாங்கக் கோப்பில் கலகக்காரராக நிற்பவர், ஒரு மனிதரின் நினைவுக் குறிப்பில் ஆசானாகக் காட்சி தருகிறார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. காட்டினுள் தங்கியவர்களுக்கு நெல் அளந்தோர் யார், துணி நெய்து கொடுத்தோர் யார், போர் முடிந்தபின் அவ்வீடுகளின் கதி என்ன என்பவற்றைக் கும்பினிக் கட்டுகளில் தேடினால் விடை கிடைப்பது அரிது. வென்றவர் தமக்கு வேண்டியதை எழுதினார். உழைத்தவர் எழுதியது காக்கப்படவில்லை. ஏட்டைக் காத்தவன் வாயிலாகவே பின்னோர் கதையைக் கேட்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

3. கோட்டையூர் காட்டிய வழி

பழந்தாள்களைக் காப்பது அரசாங்கத்தின் வேலை மட்டுமே என்று எண்ணுதல் தவறு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள், தம் சொந்த முயற்சியால் பல்லாண்டுக் காலம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்த்தார். நாடக விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் எனப் பிறர் குப்பை என்று தள்ளியவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. அத்தொகுப்பு ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளாக வளர்ந்தது. 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிற்று. எனினும் அதைக் கடல் கடந்து கொண்டுசெல்லாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994ஆம் ஆண்டில் அமைவதற்குத் துணை நின்றது. தமிழ்நாட்டைப் பற்றி ஆராய்வோர் பலர் இன்று அந்நூலகத்தை நாடிச் செல்கின்றனர்.

மணநாள் கழிந்ததும் எறியப்படும் அழைப்பிதழால் ஆய்வாளருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். எவ்வூர்க் குடும்பம் எவ்வூரோடு உறவு கொண்டது, எந்த அச்சகம் எப்போது இயங்கிற்று, அக்காலத்தில் என்ன தமிழ் வழங்கிற்று என்பவை அவ்வொரு தாளிலேயே கிடைக்கின்றன.

4. சங்கத்துக்கு வரும் பயன்

இவையெல்லாம் அறிஞர்களுக்குத்தானே, நெய்வோர்க்கும் பயிரிடுவோர்க்கும் என்ன என்ற ஐயம் எழலாம். 2019ஆம் ஆண்டில் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்குறியீடு கோருவோர், அப்பொருள் அவ்விடத்துக்கே உரியது என்பதற்கு வரலாற்றுச் சான்று காட்டுதல் வேண்டும். பழைய கொள்முதல் பட்டி, விலைப் பட்டியல், துணி மாதிரி ஆகியன அவ்வேளையில் பொன்னுக்கு நிகராகும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே நெய்கிறோம் என்று வாயால் மட்டும் சொன்னால் போதாது.

பயிரிடுவோர்க்கும் இஃது ஒக்கும். கடன் தவணையை நீட்டித்து இயற்றிய தீர்மானங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால், கண்மாய் பெருகிய ஆண்டும் வறண்ட ஆண்டும் புலப்படும். நூல் கணக்கிலிருந்து எந்நெண் நூல் எப்போது வழக்கிலிருந்தது, அதன் விலை உயர்ந்தபோது எத்தனை தறிகள் நின்றன என்பது தெரியவரும். கூலிப் பட்டியில் தறியில் அமர்ந்த ஆடவர் பெயர் மட்டும் இருக்கலாம். தார் சுற்றிய மனைவியின் உழைப்பை அவள் எழுதிய மனு ஒன்றுதான் காட்டும்.

உலகக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகள் இதை அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரத்தில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து ஒரு சிறு கடை திறந்தோர் எளிய உழைப்பாளிகளே. நெசவாளரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் சங்கத்தின் ஏடுகளும், கூட்டுறவுச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் கடிதங்களும் இன்று மான்செஸ்டர் நகரிலுள்ள தேசியக் கூட்டுறவு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அச்சிறு கடையின் கதையை நாம் பாடமாகப் படிப்பதற்கு அவர்கள் ஏட்டை எறியாமல் வைத்ததும் ஒரு காரணமாகும்.

5. இன்றைய ஆபத்து

ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்பது மகிழ்ச்சி தருவதாயில்லை. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போதும், சங்கங்கள் இணைக்கப்படும்போதும், செயலாளர் மாறும்போதும் பழங்கட்டுகள் எடைக்கு விற்கப்படுகின்றன. இப்போது கணினியும் வந்துவிட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கணினியில் ஏறுவது பெரும்பாலும் நடப்புக் கணக்குதான். அது வந்துவிட்டது என்பதற்காகப் பழைய பேரேட்டைக் கழித்துவிடுவது, பேரன் பிறந்தான் என்று பாட்டனை வீட்டைவிட்டு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

6. செய்ய வேண்டுவன

(அ) விதிகள் கூறும் காலவரை கடந்த ஏடாயினும், உரிய அலுவலரின் அனுமதியின்றி எதையும் அழித்தல் கூடாது. அனுமதி கிடைத்தாலும், சங்கத்தின் பதிவுச் சான்று, துணைவிதிகள், தீர்மானப் புத்தகங்கள், முதல் அங்கத்தினர் பதிவேடு ஆகியவற்றை என்றும் காத்தல் வேண்டும்.

(ஆ) கட்டுகளைக் கலைத்துப் பொருள்வாரியாகப் புதிதாக அடுக்க வேண்டா. முன்னோர் வைத்த வரிசையே ஒரு சான்றாகும். கட்டுக்கு எண்ணிட்டு, என்ன ஏடு, எவ்வாண்டு, யாரிடமிருந்து வந்தது என ஒரு நோட்டில் எழுதிவைத்தாற் போதும்.

(இ) துருப்பிடிக்கும் குண்டூசியை நீக்குக. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டற்க. நாளடைவில் அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். காற்றுப் புகாத பாலிதீன் பையில் ஈரம் தங்கும். நம் தறியில் நெய்த சாயமிடாத காடாத்துணியில் பொதிந்து, சுவரில் படாமல், தரையினின்று உயர்த்தி வைக்க வேண்டும். கறையானுக்கு அஞ்சித் திங்களுக்கொருமுறை பிரித்துப் பார்த்தல் நலம்.

(ஈ) மூத்த அங்கத்தினர் வீடுகளிலுள்ள கடிதம், பாஸ்புத்தகம், மாநாட்டுப் படம், பழஞ்சேலையின் துண்டு ஆகியவற்றை வாங்கிப் படம் எடுத்தபின் மூலத்தை அவரிடமே திருப்பித் தருக. படத்தில் உள்ளோரின் பெயரை அறிந்தவர் உயிருடன் இருக்கும்போதே கேட்டெழுதுதல் இன்றியமையாதது.

(உ) உயிருடன் உள்ளோரின் கடன், அடமானம், குடும்ப வழக்கு பற்றிய தாள்களை அயலார் பார்வைக்கு வைத்தல் தகாது. எதை எப்போது காட்டலாம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஓர் அலமாரியும், ஒரு நோட்டும், பொறுப்பேற்கும் ஓர் அங்கத்தினரும் போதும்.

சங்கக் கூட்டத்தில் ஆய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் முதல் தீர்மானப் புத்தகம் எங்கே உள்ளது? அதனைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார்?

2. தறி நின்ற ஆண்டுகளும் கண்மாய் வறண்ட ஆண்டுகளும் நம் ஏடுகளில் எவ்வாறு பதிவாகியுள்ளன?

3. பெண்களின் உழைப்பு நம் பதிவேடுகளில் எங்கே காணப்படுகிறது? காணப்படாவிடின் இனி எவ்வாறு பதிவு செய்யலாம்?

4. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் நம்மைப் பற்றி எழுத வந்தால், அவர் கையில் நாம் கொடுக்கக்கூடிய தாள்கள் எவை?

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்துக்குள் முதல் வினாவிற்கேனும் ஒவ்வொரு சங்கமும் விடை கண்டுவிடுமாயின், இப்பாடம் பயன் தந்ததென்று மகிழ்வோம்.