நின்ற கதையும் நிறைவு பெறும்

நாவல் எழுதத் தொடங்குவது எளிது, முடிப்பதே அரிது. தாமிரபரணிச் சீமையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையாவைப் பாருங்கள். இளமை மணத்தால் பெண்கள் பட்ட துயரைச் சொல்ல, 1892இல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. பின்னர் உப்பு இலாகாவில் உத்தியோகம். இடையில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதினார். ஆயினும் பழைய கதையைக் கைவிடவில்லை. 1903இல் அதுவே 'முத்துமீனாட்சி' என்னும் முழு நாவலாக வெளிவந்தது.

அன்பு மாணவியரே! உற்சாகம் நாள்தோறும் வராது. சொல்லவேண்டிய காரணமோ மாறாது. அக்காரணத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். சோர்வு வரும்போது அதைப் படித்துவிட்டு, அன்றைக்கு ஒரு பக்கமேனும் எழுதுங்கள். பாதியில் நின்ற நோட்டைக் கிழித்தெறியாதீர்கள். பதினோரு ஆண்டுகள் கழித்தும் ஒரு கதை நிறைவு பெறலாம்.