கீழ்க்குரல் நழுவுகிறதே!

கேள்வி: எங்கள் வட்டாரத்துச் சேர்ந்திசைக் குழுவில் ஆறு மாதமாகப் பாடுகிறேன். குரல் தேர்வு, நொட்டேஷன் எதுவும் கிடையாது. ஆசிரியை பாடிக் காட்டுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். பல நாட்டுப் பாடல்கள் வந்துபோயின. இப்போது ஜார்ஜியா நாட்டுப் பாட்டு. எனக்குக் கீழ்க்குரல். தனியாகப் பாடினால் சரியாக வருகிறது. மற்ற இரண்டு குரல்களும் சேர்ந்தால் என்னையறியாமல் அவர்கள் மெட்டுக்குத் தாவிவிடுகிறேன். சிறுவயதில் எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள். அதுதான் இடைஞ்சலா? விலகிவிடட்டுமா?
— வாசகி, லண்டன்

பதில்: விலகாதீர்கள். நீங்கள் கற்ற சங்கீதத்தில் பத்துப் பேர் பாடினாலும் பத்துப் பேரும் ஒரே ஸ்வரத்தில் நிற்கவேண்டும். பக்கத்துக் குரலோடு போய்ச் சேர்வதற்கே உங்கள் காது பழகியிருக்கிறது. இங்கே அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் இடத்தில் நிற்கவேண்டும்.

ஜார்ஜியப் பாடல்களில் பெரும்பாலும் மூன்று குரல்கள். கீழ்க்குரலுக்குப் பானி என்று பெயர். கிழக்கே காகேத்தி வட்டாரத்து விருந்துப் பாட்டுகளில் மேல்குரல்கள் இரண்டையும் ஆளுக்கொருவர் பாட, மற்றவர்கள் எல்லோரும் பானியை நீட்டிப் பிடிப்பார்கள். நம் தம்புரா இருக்கும் இடம் அது. ஆனால் தம்புராபோல ஒரே சுருதியில் நிற்காது. பாட்டின் நடுவே இறங்கும், மறுபடி ஏறும். இறங்கும் இடங்களை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏறிய 'சக்ருலோ' இந்த வகைப் பாட்டுதான். மேற்கே குரியாவின் பாட்டு என்றால் மூன்று குரலும் தனித்தனி வழியில் ஓடும். அதற்குக் கூடுதல் காலம் வேண்டும்.

நழுவுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ, ம, ப மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடம் ஜார்ஜியப் பாடல்களில் அடிக்கடி வரும். மவும் பவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று உரசும். நம் காது அதை அபசுரம் என்று எடுத்துக்கொண்டு தப்பி ஓடப் பார்க்கும். அந்த உரசல்தான் பாட்டின் உயிர்.

இரண்டு தோழிகளை அழைத்து மூவரும் வட்டமாக நில்லுங்கள். நீங்கள் ஸ பிடியுங்கள். ஒருவர் ப, அடுத்தவர் ம. மூச்சு தீரும்வரை அசையாமல் நீட்டுங்கள். சில நாளில் நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு தெரியும். அது பிடித்துப்போனால் நழுவமாட்டீர்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கீபோர்டை வைத்தும் சரிபார்க்காதீர்கள். ஜார்ஜியர்களின் சுருதி அமைப்பு பியானோவுக்குள் அடங்காது. நீட்டும் ஸ்வரத்தில் கமகம் கூடாது.

ஆசிரியையிடம் இதையும் கேளுங்கள்: இந்தப் பாட்டை யார், எப்போது பாடுவார்கள்? வயல்வேலைப் பாட்டுக்கு ஒரு குரல், விருந்துக்கு வேறொரு குரல். குழந்தைக்குத் தட்டம்மையோ பெரியம்மையோ கண்டால், 'பத்தோனெபி' என்னும் எஜமானர்கள் வீட்டுக்கு வந்திருப்பதாக எண்ணி, அவர்கள் மனம் குளிரத் தாலாட்டுப் பாடுவது முன்பு அங்கே வழக்கமாக இருந்தது. மாரியம்மன் தாலாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பாட்டு உங்கள் குழுவுக்கு வந்தால் குரலை உயர்த்தாதீர்கள். பக்கத்தில் குழந்தை காய்ச்சலோடு படுத்திருக்கிறது.