வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போன கறண்ட் பில்

வீட்டுக்குத் திரும்பி வந்து வளவு துப்புரவாக்கி முடிவதற்குள் படலையில் ஒரு கறண்ட் பில் செருகப்பட்டிருக்கலாம். அதில் உங்கள் பெயர் இருக்கும். அல்லது காலமான உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கும். மின்சாரத்தைப் பாவித்தவர்கள் வேறு ஆட்கள். தொகையைப் பார்த்தவுடன் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தோடு அவர்களைத் தேடிப் போவதற்கு முன்பு இந்தப் பாடத்தை ஒருமுறை வாசியுங்கள். இதில் பணத்தை விடப் பெரிய விடயமொன்றும் இருக்கிறது.

அளவெட்டியில் இந்தப் பிரச்சினை ஏன் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமங்களிலிருந்து எழும்பிய குடும்பங்கள் அயற்கிராமங்களில் தங்கின. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே வெளிக்கிட்டது. அதன்பின் சிலர் திரும்பினார்கள். சிலர் வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் வேறு குடும்பங்கள் குடியேறின. சில வீடுகள் வாடகைக்குக் கொடுக்கப்பட்டன. பல வீடுகளில் பேச்சு "வீட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கோ" என்பதோடு முடிந்தது. 2017 யூலை 3இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு வருடம் மற்றவர்களின் வீட்டில் இருந்தவர்களும் தங்கள் ஊருக்குப் போக ஆயத்தமானார்கள். ஆகவே உங்கள் வீட்டை விட்டுப் போகின்றவரும் உங்களைப் போலவே மீளக்குடியமரும் ஒருவராக இருக்கலாம். இந்தக் கைநூல் இருவர் கையிலும் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

கடன் யாருடையது?

மின்சார சபையைப் பொறுத்தவரை கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் பாவனையாளர். குடியிருந்தவர் பாவித்தார் என்று நீங்கள் சொன்னாலும் நிலுவை அந்தக் கணக்கிலேயே இருக்கும். குடியிருந்தவர் உங்களுக்குக் கடன்பட்டவர், சபைக்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் அலுவலகத்துக்கும் அவர்களின் வீட்டுக்குமாக அலைகிறார்கள்.

நீங்கள் இல்லாத காலத்தில் குடியிருந்தவர் தன் பெயரில் புது இணைப்பு எடுத்திருந்தால் கதை வேறு. அந்தக் கணக்கின் நிலுவை அவருடையது. ஆனாலும் அதே வளவுக்கு நீங்கள் இணைப்புக் கேட்கும்போது பழைய நிலுவையைப் பற்றி அலுவலகத்தில் கேட்பார்கள். "சரி, நானே கட்டுகிறேன்" என்று வாயால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உறுதியின் பிரதி, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றோடு, நீங்கள் எந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

சோலைவரி இப்படி அல்ல. அது ஆளைப் பார்ப்பதில்லை. காணியோடும் வீட்டோடும் வரும். பிரதேச சபையில் நிலுவை இருந்தால் அதை உரிமையாளர்தான் தீர்க்கவேண்டும்.

அவர்கள் இன்னும் போகவில்லையென்றால்

இதுதான் நல்ல நேரம். சாமான் ஏற்றும் நாளில் இருவரும் சேர்ந்து மீற்றருக்கு முன்னால் நின்று இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுங்கள். கடைசிப் பில்லில் முந்திய வாசிப்பு இருக்கும். இரண்டுக்கும் இடையிலான அலகுகள் அவர்களுடையவை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கடைசிப் பில்லில் வாசிப்பு 4762. அவர்கள் வெளிக்கிடும் நாளில் 4836. அதாவது 74 அலகுகள். அடுத்த பில் வரும்போது வாசிப்பு 4854. மாதம் முழுவதற்கும் 92 அலகுகள். பில்லின் தொகை 2,300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2,300ஐ 92ஆல் பிரித்தால் அலகுக்கு 25 ரூபா. அவர்களின் பங்கு 1,850 ரூபா, உங்களுடையது 450 ரூபா. (இது விளங்குவதற்காக எடுத்த தொகை. பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுவதால் மொத்தத் தொகையை அலகுப்படி பங்கிடுவதுதான் இருவருக்கும் நியாயம்.) பில் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் ஒரு தொகையைப் பேசி வாங்கி, மிச்சத்தைப் பின்னர் தீர்க்கலாம்.

பிறகு ஒரு கடிதம். பெரிய சட்ட வார்த்தைகள் தேவையில்லை. இப்படி எழுதினாற் போதும்:

"அளவெட்டியில் உள்ள இந்த வீட்டில் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்த நாங்கள் இன்று வீட்டையும் திறப்புகளையும் உரிமையாளரிடம் ஒப்படைக்கிறோம். இன்றைய மீற்றர் வாசிப்பு 4836. இந்த வாசிப்பு வரைக்குமான மின்கட்டணம் எங்களுடையது. அதில் ... ரூபா இன்று கொடுத்தோம். மிகுதி ... ரூபாவை ... திகதிக்கு முன் கொடுப்போம்."

திகதி, இருவரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், அயலவர் இருவரின் சாட்சிக் கையொப்பம். இரண்டு பிரதிகள்.

"உரிமையாளரின் அனுமதியோடு" என்ற சொற்களைக் கவனியுங்கள். நாங்கள் முதலில் சொன்ன பெரிய விடயம் இதுதான். இலங்கைச் சட்டத்தில் ஒருவர் பத்து வருடம் எதிர் உரிமையோடு காணியை ஆண்டால் அதைத் தனதென்று கோரமுடியும். அனுமதியோடோ வாடகைக்கோ வந்தவரின் இருப்பு சாதாரணமாக அப்படிக் கணக்கிடப்படாது. ஆனால் அனுமதி கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்றுமில்லை, பல வருட கறண்ட் பில் மற்றவர் பெயரில் இருக்கிறது என்றால் நீதிமன்றத்தில் நீங்கள் கஷ்டப்படுவீர்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் தொடர்பாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. அதற்கும் கால எல்லை இருந்தது. அப்படியான சிக்கல் உங்களுக்கு இருந்தால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாவுக்காகச் சண்டை பிடித்து இந்தக் கையொப்பத்தை இழந்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் பில்லில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாவது கடிதத்தை வாங்குவது புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

அவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கும். ஓடு மாற்றியது, கிணறு இறைத்தது, கள்ளர் கதவு நிலைகளைக் கழற்றாமல் பார்த்தது. இவற்றை அவர்கள் சொல்லும்போது "நான் கேட்டேனா?" என்று மறுமொழி சொல்லாதீர்கள். ஆள் இருந்தபடியால்தான் கூரையோடு நிற்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. செலவைக் கழித்துப் பில்லைத் தீர்த்தால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

அவர்கள் போய்விட்டார்கள் என்றால்

முதலில் மீற்றரைப் பாருங்கள். முத்திரை உடைந்திருந்தாலோ, வயர் மீற்றரைத் தாண்டிக் கொழுவப்பட்டிருந்தாலோ, ஒன்றையும் தொடாமல், மின்சாரத்தைப் பாவிக்காமல் உடனே சபைக்கு அறிவியுங்கள். 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாவிக்கத் தொடங்கிய பிறகு "முந்தியே இப்படித்தான் இருந்தது" என்பதை நிரூபிப்பது கடினம்.

அடுத்ததாகப் பில்லில் உள்ள பத்து இலக்கக் கணக்கு எண்ணைக் கொண்டுபோய் உங்கள் பகுதி மின்சார சபை அலுவலகத்தில் கணக்கு விபரத்தைக் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து கட்டவில்லை, இடையில் மீற்றர் பார்க்காமல் மதிப்பீடாகப் போட்ட மாதங்கள் எவை என்று அதில் தெரியும். படலை பூட்டியிருந்ததால் பல மாதம் வாசிக்காமல் ஒருமித்து வந்த பில்லென்றால், எத்தனை நாளுக்கான கணக்கு என்பதைக் கட்டாயம் பாருங்கள். நாட்கள் குறைத்துப் போடப்பட்டிருந்தால் அலகுகள் கூடிய விலைப் படிக்குள் விழுந்திருக்கும். திருத்தித் தரும்படி கேட்கலாம். அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

மிஞ்சும் தொகையைத் தவணையில் கட்ட எழுத்தில் கேளுங்கள். துண்டிப்பு அறிவித்தல் வந்தபின் வாக்குவாதப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். முதலில் கட்டுங்கள், பிறகு அவர்களிடம் கேளுங்கள். துண்டித்தால் மீள இணைக்கவும் காசு. ஒவ்வொரு பற்றுச்சீட்டும் நாளைக்கு நீங்கள் கேட்கப்போகும் பணத்துக்கு ஆதாரம்.

பணம் தர மறுத்தால் மத்தியஸ்த சபைக்கு, எங்கள் ஊரில் சொல்லும் இணக்கசபைக்கு, எழுதிக் கொடுக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை அது. அங்கே சட்டத்தரணி பேசமாட்டார், நீங்களே பேசவேண்டும். சிறு தொகைப் பிணக்குகளில் அங்கே போகாமல் நேராக நீதிமன்றம் போகவும் முடியாது. பில், பற்றுச்சீட்டு, மீற்றர் படம், கடிதம் இருந்தால் கொண்டுபோங்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள்.

செய்யவே கூடாதவை

இன்னும் குடியிருப்பவரை எழுப்புவதற்காக பியூசைக் கழற்றுவது, கிணற்று மோட்டரைப் பூட்டுவது, அவர்களின் அலுமாரியையோ தையல் மெசினையோ பில்லுக்குப் பிணையாக மறித்து வைப்பது. சாமான்களை வெளியில் போட்டுக் கதவைப் பூட்டினால் பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அறிக்கை செய்யலாம். அங்கே முதலில் உறுதியைப் பார்ப்பதில்லை. முந்திய இரண்டு மாதத்துக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் என்று கண்டால் அவரைத் திரும்ப உள்ளே விடும்படி கட்டளை வரும். உங்கள் வீட்டுக்கு நீங்களே வெளியில் நிற்கவேண்டி வரும்.

எல்லாம் தீர்ந்த பிறகு கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து அவர் மூலம் செய்யலாம். தகப்பனாரின் பெயரிலேயே கிடக்கட்டும் என்று விடாதீர்கள். பழைய பில்களையும் எரிக்க வேண்டாம். 1990க்கு முந்திய லைற் பில் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால் அதை உறுதியோடு சேர்த்து வையுங்கள். அந்த முகவரியில் உங்கள் குடும்பம் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

மீள இணைப்பு எடுப்பதற்கு முன் வயரிங்கை ஒரு மின்வேலைகாரரிடம் காட்டுங்கள். ஓட்டுக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்த வயரை எலி விட்டு வைத்திருக்காது.