அப்பர் சொன்ன தோணி



கிரிக்கைத் தாண்டினால் தெமெங்கோர் ஏரி. 1970-களில் பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவானது. தீபகற்ப மலேசியாவில் கென்யிர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் காற்று பிடித்தால் கதையே வேறு. தடையில்லாத நீர்ப்பரப்பில் காற்று எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அதற்கேற்ப அலையும் உயரும். அணை கட்டியபோது மூழ்கிய காட்டு மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அலை அடிக்கும்போது அவை கண்ணில் படாது.

புந்தோங்கிலிருந்து எங்கள் இளைஞர் குழு அங்கே போனபோது, திரும்பும் வழியில் அப்படி ஒரு காற்று அடித்தது. படகு சாய்ந்ததும் இரண்டு பேர் பதறி எழுந்தார்கள். "உட்காருங்க! பையெல்லாம் கீழே வைங்க!" என்று படகோட்டி பாக் சிக் மலாயில் அதட்டினார். வேகத்தைக் குறைத்து, படகின் முனையை அலைப் பக்கம் திருப்பிப் பிடித்தார். பண்டிங் தீவின் படகுத்துறை தெரியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

பொறியியல் படிக்கிற எனக்கு அந்த அதட்டலின் காரணம் புரிந்தது. ஆள் எழுந்து நின்றால் படகின் ஈர்ப்பு மையம் மேலே ஏறும், ஆட்டம் கூடும். இதைவிட ஆபத்து, கட்டாத சுமை. படகு சாயும் பக்கமே அதுவும் சரிந்து, இன்னும் சாய்த்துவிடும்.

திருநாவுக்கரசர் திருவொற்றியூரில் பாடிய பதிகம் ஒன்றில், நான்காம் திருமுறையில், இதே படகு வருகிறது. மனம்தான் தோணி. அறிவு அதை ஊன்றிச் செலுத்தும் கோல். ஏற்றிய சரக்கு கோபம். கடலில் போகும்போது காமம் என்ற பாறையில் மோதித் தோணி கவிழ்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் என்று பெரியபுராணம் சொல்லும் அப்பரே இதைப் பாடியிருக்கிறார்.

நம் கதையும் இதுதானே? காலையில் அப்பா திட்டியது, வாட்ஸ்அப் குழுவில் வந்த கேலி, எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிக்கொண்டே போகிறோம். சாயங்காலம் ஃபுட்சால் திடலில் யாரோ லேசாக இடித்ததும் கை ஓங்கிவிடுகிறது. நட்பு போகிறது, சில நேரம் போலீஸ் வரைக்கும் போகிறது. அந்தச் சின்ன இடிக்கு அவ்வளவு பலம் ஏது? நாள் முழுக்க ஏற்றிய சரக்குதான் சரிந்தது.

அப்பர் அந்தப் பாட்டில் கேட்பதைக் கவனியுங்கள். கவிழும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு என்கிறார். பாதுகாப்பு அங்கியைப் படகுத்துறையிலேயே மாட்டச் சொல்வதும் இதற்குத்தான். அலையில் வைத்து வார் கட்ட முடியாது. சண்டை நடுவில் "நமசிவாய" ஞாபகம் வரவேண்டும் என்றால், சண்டை இல்லாத நாளில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி

1. தினமும் காலையில் 5 நிமிடம் "நமசிவாய" சொல்லுங்கள்.
2. படுக்கும் முன், அன்றைக்கு ஏற்றிய கோபம் என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். பேசித் தீர்க்க வேண்டியதை மறுநாளே பேசுங்கள்.

கலந்துரையாட

1. அப்பர் அறிவைக் கோல் என்கிறார். கோபம் வரும்போது அந்தக் கோலை ஏன் விட்டுவிடுகிறோம்?
2. நியாயமான கோபத்தை என்ன செய்வது?